கீச்சல் விழுந்த கச்சேரி

கச்சேரி தொடங்க இன்னும் அரைமணி இருந்தது. இன்னாசிக்கு அப்போதே இருப்புக் கொள்ளவில்லை. கிளாரினெட்டைக் கழற்றினார், மாட்டினார். உட்கார்ந்தார், எழுந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இப்படி நெளிந்ததில்லை.

தலை நரைக்கும்வரை சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தவர். ஊரே கேட்ட வாசிப்பு. ஒருவருக்கும் பெயர் தெரியாது. இன்றுதான் முதன்முறையாக வாசலில் அவர் பெயர் தனியாகத் தொங்கியது. மேடையிலும் அவர் தனிதான். துணைக்கு ஒரு மைக், அதோடு இணைத்த ஒரு கம்ப்யூட்டர். மைக்கில் விழுவதையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதைக் கேட்டு, அப்போதைக்கு என்ன தோன்றுகிறதோ அதை அவர் வாசிக்க வேண்டும்.

இந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் வசுமதி. வயதில் அவர் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

வசுமதி தரையில் மண்டியிட்டு ஒயர்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "கேளுங்க சார்."

"நடுவுல தப்பு வந்துட்டா என்ன பண்றது?"

"எந்தத் தப்பு?"

"அது இப்பவே எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல?" என்று சொல்லிவிட்டு வசுமதி அடுத்த ஒயருக்குப் போனார்.

இன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அவர் இந்த டீச்சரை மட்டும் நம்பி வரவில்லை. அப்போதைக்குத் தோன்ற வேண்டியதையெல்லாம் ஒரு மாதமாகக் குளியலறையில் உருப்போட்டு வைத்திருந்தார். அதை டீச்சரிடம் சொல்லவில்லை.

கச்சேரி தொடங்கியது. உருப்போட்டது பிசகாமல் வந்தது. கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைக் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டதைத் தவிர எல்லாம் நன்றாகவே போயிற்று.

அப்போதுதான் உச்ச ஸ்தாயியில் கிளாரினெட்டிலிருந்து ஒரு கீச்சல் விழுந்தது.

ரெக்கார்டிங் தியேட்டரில் பிசகியவர் தாமே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாரும் முதலிலிருந்து வாசிப்பார்கள்; அதுதான் அடுத்த டேக். அந்தப் பழக்கம் இன்னாசியின் எலும்பிலேயே ஊறியிருந்தது. கிளாரினெட்டை இறக்கினார். கையைத் தூக்கினார். மைக்கைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்:

"சாரி சார். இன்னொரு டேக் போயிடலாம்."

அரங்கம் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. சிரிப்பு அடங்கியதும் ஸ்பீக்கரிலிருந்து அவர் குரலே வந்தது. கீச். சாரி சார். இன்னொரு டேக் போயிடலாம். மறுபடியும் கீச். சாரி சார்.

ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வசுமதியைப் பார்த்து, அழித்துவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அழிக்கும் பொத்தான்மேல்தான் வசுமதியின் விரல் இருந்தது. விரலை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அடிப்பாவி என்றுதான் இன்னாசிக்குத் தோன்றியது. உருப்போட்டதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஓடிவிடலாமென்றால் வாசல் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆத்திரத்தோடு கிளாரினெட்டை வாயில் வைத்து, கெஞ்சுகிற அந்தக் குரலை வெட்டி ஒரு சீறல் ஊதினார். குரல் மறுபடி வந்தது. இத்தனை காலமும் யார் யாருக்கோ சொன்ன அத்தனை சாரியும் அதில் கேட்டது. கிளாரினெட்டாலேயே அதை அதட்டினார். அடுத்த சுற்றில் கேலி செய்தார். அப்புறம், பாவம், அதைத் தட்டிக்கொடுத்தார். கீச்சல் வரும் இடத்தில் தாமும் வேண்டுமென்றே கீச்சினார். எப்போது முடித்தார், எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் நேரே வசுமதியிடம் போனார்.

"ஏன் டீச்சர் அழிக்கல? என் மானமே போச்சே!"

வசுமதி ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னொரு டேக் கேட்டீங்க. குடுத்தேன் சார்."