தண்ணி எங்கே, அண்ணாச்சி?

சங்கரவடிவம்மாளுக்கு வயது நாற்பது. அவளுடைய சீடர் பேச்சிமுத்துவுக்கு அறுபது. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பாள், சீடர் குருவை அம்மா என்பார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஞானம் யாரிடம் வயது கேட்டது?

ஆடி மாதம். மலை உச்சியில் ராப்பகலாக மழை கொட்டுகிறது. அடிவாரத்து ஆறோ திடீரென்று வற்றிப்போனது. ஊர் பதறிவிட்டது. ஆறு வற்றினால் நடு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கும்பம் வைத்து, பெண்கள் குலவையிட்டு ஆற்றை அழைப்பது அங்கே வழக்கம். முடியும்வரை ஒருவரும் கரையேறக் கூடாது. பேச்சிமுத்துவின் மகள் மாடத்தியும் கைக்குழந்தையோடு ஆற்றில் இறங்கிவிட்டாள்.

காலையில் குரு சீடரைக் கேட்டாள்.

"மேலே மழை. கீழே ஆறு காய்ஞ்சு கிடக்கு. தண்ணி எங்கே, அண்ணாச்சி?"

மனுஷன் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பெரிய தத்துவக் கேள்வி என்று நினைப்பு. வெயில் ஏறியபிறகு கண்ணைத் திறந்து, நீர் வெளியே இல்லை, தேடுகிறவனுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று பதில் சொன்னார்.

குருவுக்கு வந்ததே கோபம்.

"நான் தண்ணியைத்தான் கேட்டேன். மேலே ஏறிப் போய்ப் பாருங்க."

ஏறிப்போய்ப் பார்த்தார். ஒரு மலைச்சரிவே இடிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்திருந்தது. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஓர் ஏரி. மரங்களின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. மண்மேட்டின் விளிம்பில் தண்ணீர் வழியத் தொடங்கியிருந்தது. வழிகிற இடத்தை அது அறுத்துக்கொண்டும் இருந்தது.

விழுந்தடித்து ஓடிவந்தார். நேரே ஆற்றுக்குள் இறங்கி, மலை விழுந்து ஆற்றை மறித்திருக்கிறது, அது உடையப்போகிறது, எல்லாரும் கரையேறுங்கள் என்று கத்தினார்.

ஊரார் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக அவர் வாயில் வந்ததெல்லாம் தத்துவக் கதைதானே. அந்த மலை ஆணவமா, ஆசையா என்று ஒருவர் விளக்கம் கேட்டார். குலவை முடியட்டும் மாமா, சாயங்காலம் சாவகாசமாகச் சொல்லுங்கள் என்றான் மருமகன். பெற்ற மகளும் அசையவில்லை. கும்பம் இருக்கும்போது எழுந்தால் பிள்ளைக்கு ஆகாது என்றாள். பேச்சிமுத்து அழுதேவிட்டார்.

குரு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கும்பத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கரையேறி, மேட்டில் இருந்த மலைப்பாறையைப் பார்த்து ஓடினாள்.

ஊரே துரத்தியது. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு, அவளைத் திட்டித் தூற்றியபடி ஓடினார்கள். மருமகன் எறிந்த கல் அவள் காதோரத்தைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை. பாறை உச்சியில் மடக்கிப் பிடித்துத்தான் கும்பத்தைப் பிடுங்க முடிந்தது. அடிக்கக் கையோங்கினார்கள். அப்போது காற்றில் சேற்று வாடை வந்தது. பிறகு சத்தம் வந்தது. பாறையே நடுங்கியது. ஓங்கிய கையை யாரும் இறக்கக்கூட இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு, ஊர் தன் ஆற்றைக் காணாமல் தேடியது. பழைய தடம் முழுக்க யானை உயரத்துக்குப் பாறைகளும் வேரோடு வந்த மரங்களும் கிடந்தன. படித்துறை எதற்கு அடியில் போயிற்றோ தெரியவில்லை. ஆறு வேறு பக்கம் வெட்டிக்கொண்டு, குருவின் குடில் இருந்த இடத்தில் ஓடியது.

காதில் கட்டோடு குரு சற்றுத் தள்ளி நின்றாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சிமுத்து புதுக்கரையின் விளிம்புவரை போனார். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, ஒரே நாளில் ஆறு தன் வழியையே மாற்றிக்கொண்டது. இதில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?"

குரு அவர் காலடி மண்ணைப் பார்த்தாள்.

"கரை இன்னும் இடிஞ்சுக்கிட்டிருக்கு, அண்ணாச்சி. தோள்ல பிள்ளை இருக்கு. இங்கிட்டு வாங்க."