பக்கத்தில் போன ஒலி

டாக்டர் ஜெபக்கனி ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கேன் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர். மிஷன் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் லூசினாவுக்கு வயது முப்பத்தாறு.

அன்று ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்தவள் ரூபாவதி. ஆறு வாரம் தாண்டிய கரு. காலையிலிருந்து உதிரப்போக்கு. ஜெபக்கனி அவள் வயிற்றின் மேல் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். துடிப்பு தெரியவில்லை.

சிஸ்டர் திரையை எட்டிப் பார்த்தார். "பாத்ரூம் போயிட்டு வாம்மா. சின்னக் கருவியை உள்ளே வச்சுப் பார்த்திடலாம்."

"இப்பத்தானே ஒரு குடம் தண்ணியக் குடிக்க வச்சு அடக்கிட்டு உக்காருன்னீங்க? மொதல்ல ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் ரூபாவதி. கதவுவரை போனவள் திரும்பினாள். "உள்ளே வச்சா கலைஞ்சிடாதா?"

"கலையாது. போயிட்டு வா."

அவள் போனதும் ஜெபக்கனி கேட்டார். "ரொம்ப பயந்திருக்கா சிஸ்டர். வெளியிலிருந்தே கருவி அனுப்புற ஒலியைக் கூட்டிப் பார்த்தா போதாதா? எதுக்காக இந்தக் கருவியை உள்ளே போற மாதிரி செஞ்சாங்க?"

சிஸ்டர் வெளியே போய், வராந்தாவின் மறுகோடியில் நின்றார். இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் முப்பது பெண்கள். அங்கிருந்தபடி தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கலை சிஸ்டர். கொஞ்சம் சத்தமா."

சிஸ்டர் மறுபடியும் அதே குரலில் சொன்னார்.

"போய்த்தான் கேட்டுட்டு வாங்களேன் டாக்டரம்மா" என்றாள் பெஞ்சிலிருந்த ஒருத்தி. "எங்களுக்கே தலை வெடிச்சிடும்போல இருக்கு."

ஜெபக்கனி நடந்துபோனார். சிஸ்டர் அவர் காதருகே குனிந்தார்.

"ரூபாவதிக்கு இது மூணாவது. முந்தின ரெண்டும் தங்கலை."

ஜெபக்கனி பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"தூரம் போற ஒலிக்குச் சின்னது பிடிபடாது டாக்டர். சின்னதைக் காட்டுற மெல்லிய ஒலி, நாலு விரல்கடை போறதுக்குள்ளே களைச்சுப்போகும். அதான் கருவியைச் சின்னதாக்கி உள்ளே அனுப்பினாங்க."

ரூபாவதி வந்து படுத்தாள். இம்முறை ஜெபக்கனி மெதுவாக, அவளிடம் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார். திரையில் அரிசிமணி போல ஒன்று. அதன் நடுவில் ஏதோ மினுக்கியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.

சிஸ்டர் திரையை ரூபாவதியின் பக்கம் திருப்பினார்.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "இந்தத் தடவை தங்குமா சிஸ்டர்?"

ஜெபக்கனியும் சிஸ்டரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு நடக்கப்போறதைப் போய்ப் பார்த்துட்டு வர்ற கருவியை இன்னும் யாரும் செய்யலைம்மா" என்றார் சிஸ்டர். "இப்ப துடிக்குது. பார்த்துக்கோ."