பாஸான பெட்டியும் பரீட்சை எழுதாத பெட்டியும்

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம், படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். அங்கே சுயம்பு, இஸ்ரவேல், பேச்சிராஜா என்று மூன்று மாணவர்கள் இருந்தார்கள். சொன்ன சொல் தட்டாதவர்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

பேராசிரியை ஜெபசெல்வி இவர்களை வைத்துக்கொண்டு ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்தார். ஒரு சாண்கூட இல்லாத கனசதுரப் பெட்டி. உள்ளே கேமரா, பேட்டரி, ரேடியோ. தகரக் கூட்டுக்குள் இருக்கும்வரை தூங்கும். கூட்டைவிட்டு வெளியே வந்தால் அடியில் இருக்கும் பொத்தான் விடுபட்டு, சற்று நேரத்தில் கண் விழித்துக் கூவும், படம் பிடித்து அனுப்பும். மேலே போனபிறகு சத்தம் வராவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்து உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டப்போவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார். பாவம், ஜெபசெல்விக்குத் தூக்கமே போய்விட்டது.

விவரமானவர் என்பதால் ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்திருந்தார். ஒன்றைக் கூட்டில் போட்டு அலமாரியில் வைத்து, தொடக்கூடாது என்றார். மற்றதைச் சோதனைக்குக் கொடுத்தார். அடிபட ஒன்று, பறக்க ஒன்று. "சோதனையில தேறிட்டா அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டு, ராக்கெட் ஏவும் ஊருக்கு முன்கூட்டியே ரயிலேறினார். எதை அனுப்புவது என்று சொல்லவில்லை. யாருக்குத்தான் சொல்லத் தோன்றும்?

மூன்று திசையிலும் குலுக்க வேண்டும் என்பது முதல் சோதனை. இருப்பதோ நாலு திசை. எதை விடுவது என்று வெகுநேரம் பேசினார்கள். கிழக்கே கடல், பஸ் கிடையாது என்று இஸ்ரவேல் தீர்த்துவைத்தான். மற்ற மூன்று பக்கமும் மினி பஸ்ஸின் கடைசி சீட்டில் பெட்டியோடு போய்வந்தார்கள். சூட்டுச் சோதனைக்கு பேக்கரி அடுப்பில் மக்ரூனோடு வைத்தார்கள். காற்றில்லாத இடத்தில் வைத்துப் பார்க்கவும் சொல்லியிருந்ததால் கதவு ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, பெட்டிக்குப் பக்கத்தில் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார்கள். சுயம்புவுக்கு மயக்கம் வந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அனுப்பவேண்டிய நாளில் இரண்டையும் எதிரே வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

"ஏலே, இதுல தேறுனது எது?" என்றான் பேச்சிராஜா.

"அடிபட்டதுதான். அலமாரில இருக்கது ஒரு பரீட்சைகூட எழுதலல்லா" என்றான் இஸ்ரவேல்.

"பாஸானவன வீட்ல வச்சிட்டு, பரீட்சைக்கே போவாதவன வெளிநாட்டுக்கு அனுப்புனா ஊரு என்ன சொல்லும்?" என்றான் சுயம்பு.

நியாயம்தானே. மக்ரூன் தூளைத் துடைத்து, அடிபட்ட பெட்டியை இன்னொரு கூட்டில் போட்டு அனுப்பினார்கள். கூட்டோடுதான் ராக்கெட்டில் ஏற்றுவது வழக்கம் என்பதால் அங்கேயும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

ராக்கெட் கிளம்பும் நாளில் தாளாளரே ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்தார், கையில் பூட்டோடு. எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுயம்புவுக்கு மனசு கேட்கவில்லை. கூடப்பிறந்தது மேலே போகிறது, அலமாரியில் இருப்பதும் பார்க்கட்டுமே என்றான். தொடக்கூடாது என்று இஸ்ரவேல் ஞாபகப்படுத்தினான். அதனால் தொடாமல், துண்டால் பிடித்துக் கூட்டைவிட்டு வெளியே எடுத்தார்கள். கிட்டத்திலிருந்து பார்க்கட்டும் என்று டிவி மேசைமேலேயே வைத்தார்கள். கேமரா இவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ராக்கெட் செயற்கைக்கோளை வெளியே விட்டுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஆய்வகத்து ரேடியோ கூவியது. கூவிக்கொண்டே இருந்தது. ஊரார் செயற்கைக்கோளெல்லாம் தலைக்குமேல் கடக்கும் சில நிமிஷம்தான் கேட்கும். இது சாயங்காலம்வரை ஓயவில்லை. பாஸானது பாஸானதுதான் என்று பேச்சிராஜா பெருமைப்பட்டான். தாளாளர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆய்வகத்துக்கு இன்னொரு அறையும் தருவதாக ஜெபசெல்வியிடம் போனில் சொன்னார். அந்தப் பக்கம் அவர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

அப்போதுதான் விண்வெளியிலிருந்து முதல் படம் வந்து கம்ப்யூட்டர் திரையில் இறங்கியது. வரிசையாக நாலு பேர், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஓர் அலமாரி திறந்து கிடந்தது.



"மேல ஆள் இருக்காங்கடே" என்றார் தாளாளர் மெதுவாக. "அதுல ஒருத்தரு எங்க சித்தப்பா ஜாடை."

அவர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளலாமா என்று இஸ்ரவேல் கேட்டான். சுயம்பு திரைக்குக் கிட்டே போய் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துவிட்டு வந்தான்.

"வேண்டாம் சார். பாத்தா அவ்வளவு விவரமானவங்களாத் தெரியல."