ஐந்தாவது இடத்தில் ஒரு கல்

நகரத்தின் ஓரத்தில் ஒரு தெரு. அங்கே ஒரு சமயம் மனிதர்களுக்குப் பதில் குடங்களே வரிசையில் நின்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்ததும் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் காலியாக இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். லாரி வரும்வரை அந்த இடம் அவர்களுடையது.

அன்று ஐந்தாவது இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி நின்றது. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த சஸ்மிதா அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் வீட்டில் குழந்தைக்குக் கஞ்சி வைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சமிருந்தது.

“என்னப்பா, வெள்ளையடிக்க வந்தியா?” என்றது நீலக் குடம்.

“தண்ணிக்கு,” என்றது வாளி.

“எந்த ஊரு?”

“நாலாவது சந்து.”

“அதுக்கு முன்னாடி?”

வாளி தயங்கியது.

“என்னையும் இப்படித்தான் கேட்டாங்க. நெல்லூருன்னேன். கடைசிக்குத் தள்ளிட்டாங்க,” என்றது மஞ்சள் குடம்.

“அப்ப இதுவும் கடைசிக்குப் போகட்டும்,” என்றது நீலக் குடம்.

மஞ்சள் குடம் மறுக்கவில்லை. மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் இடித்தது. வாளி நகர்ந்து நகர்ந்து வரிசையின் கோடிக்குப் போனது.

லாரி வந்தது. சஸ்மிதா ஓடிவந்து ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். “அக்கா, நான் அஞ்சு.”

“வச்சது எங்க இருக்கோ, அதாம்மா உன் இடம்,” என்றாள் நீலக் குடத்துக்காரி சகுந்தலா.

வாளியின் முறை வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

அடுத்த முறை ஐந்தாவது இடத்தில் ஒரு கல் இருந்தது. குடங்கள் ஒதுங்கி இடம் விட்டன.

“எந்த ஊருன்னு கேக்கலியா?” என்றது மஞ்சள் குடம்.

“கல்லுகிட்ட என்னத்தக் கேக்கறது? நம்ம தெரு ஆளோடதாத்தான் இருக்கும்.”

நீலக் குடம் சொல்லி முடிப்பதற்குள் லாரியின் ஹாரன் கேட்டது. சஸ்மிதா வாளியோடு வந்தாள். கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வாளியை வைத்தாள். சகுந்தலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“வச்சது எங்க, அதான் இடம். நீங்க சொன்னது, அக்கா,” என்றாள் சஸ்மிதா.

வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. நீலக் குடத்துக்கு நிலைகொள்ளவில்லை. ஓரத்தில் கிடந்த கல்லைப் பார்த்துச் சீறியது.

“எங்கிருந்து வந்தே நீ?”

“உன் வீட்டு வாசல்லதான் கிடந்தேன்,” என்றது கல்.