பின்னிருக்கையில் ஒரு நாள்

இரண்டாம் உலகப் போரில், பர்மா எல்லையில் அரக்கான் காட்டோரம் எங்கள் குண்டுவீச்சுப் படை இருந்தது. அதில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். படைத்தலைவர் ஜெபரத்தினம், பாளையங்கோட்டைக்காரர். விமானி கோதண்டம், தலைவரைவிட இரண்டு வயது மூத்தவர். கோதண்டத்துக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்காருகிற நான்.

தகர டப்பாவில் டீ கொதிக்கவைத்து மூவரும் ஊர்க்கதை பேசிய சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. யுத்தம் திரும்ப வரவேண்டாம். அந்த இரண்டு பேரும் வந்தால் போதும்.

எங்கள் விமானம் இலக்குக்கு மேலே போனதும் மூக்கைச் சாய்த்துச் செங்குத்தாக விழும். குண்டைப் போட்டபின் விமானி அதை நிமிர்த்துவார். பின்னிருக்கைக்காரன் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். தரை எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. வானம் மட்டும்தான் தெரியும்.

கோதண்டம் தைரியசாலி, அதில் சந்தேகமே இல்லை. மற்றவர்கள் நிமிர்த்துகிற உயரத்துக்கும் கீழே போய், மூங்கில் நுனியை உரசுகிற மாதிரிதான் நிமிர்த்துவார். பாராட்டு அவருக்கு, வாந்தி எனக்கு.

ஒரு சாயங்காலம் அவர் தலைவரிடம் கேட்டார்.

"நாளை மறுநாள் ஆறு விமானத்தை நான் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டீங்க சார். நீங்க விழுந்தா எல்லாரும் யோசிக்காம பின்னாலயே விழறாங்க. என் பின்னால விழுவாங்களா? என்கூட பறக்கிறவனே வேற விமானம் கேக்கறானாம்."

அப்படிக் கேட்டவன் நான்தான். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் குடித்து முடித்தார். "நாளைக்கு என் விமானத்துல வாங்க கோதண்டம். பின்னால."

"பின்னாலயா? நான் விமானி சார்."

"அதனாலதான்."

மறுநாள் காலையில் கோதண்டம் பின்னிருக்கையில் ஏறிப் போனார். தரையில் நின்ற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தலைவரின் விமானம் கடைசியாகத் திரும்பியது. இறக்கையில் இரண்டு ஓட்டை. கோதண்டம் இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதையெல்லாம் கக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தினமும் இப்படியாப்பா இருக்கும்?"

"நீங்க ஓட்டினா இன்னும் மோசம் சார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார்.

"விழறதுக்கு முன்னால 'போவமா?'ன்னு கேட்டீங்களே, எதுக்கு சார்?"

"எப்பவும் கேக்கதுதான். பின்னால இருக்கவங்ககிட்ட."

"எனக்கு வாயே வரல. கீழேருந்து ஜப்பான்காரன் சுட்டுக்கிட்டே இருந்தான். நான் பதில் சொல்றவரைக்கும் நீங்க சுத்திக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"அதுலதான் இறக்கையில அடி பட்டுச்சு."

"ஆமா."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"திரும்பியிருப்பேன்."

"குண்டு போடாமலா? மேலிடத்துல கேட்டா?"

"பதில் சொல்ல நான் இருக்கேம்லா."

கோதண்டம் இறக்கையிலிருந்த ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு என்கூட வரியாப்பா?"

சேர்ந்து பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் என்னை எதுவும் கேட்டதில்லை.

"வரேன் சார்."

அவர் மறுபடியும் தலைவரைப் பார்த்தார். "இவன் சரின்னுட்டான். உங்ககிட்ட யாராவது, ஒரு தடவையாவது, வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா சார்?"

தலைவர் தோல் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இல்ல. கேட்டுட்டு விழுதவன யாரும் தனியா விட்டதில்ல."