பறவை மேட்டில் ஒரு வளை

ஓர் ஏரிக்கரையில் மொந்தன் என்றொரு பெருச்சாளி இருந்தான். வயிறு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. ஆனால் எதையும் எண்ணிப் பார்த்துத்தான் பேசுவான் என்று கரை முழுக்க அவனுக்கு நல்ல பெயர்.

அந்த ஏரி வெகு வருஷமாக வறண்டு கிடந்தது. ஒரு வருஷம் ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிரம்பியது. கரையோர மேட்டில் இருந்த மரங்களில் கூழைக்கடா என்னும் பெரிய நீர்ப்பறவைகள் வந்து இறங்கின. கூடு கட்டின. முட்டையிட்டன. தை பிறந்தபோது கிளை கொள்ளாத குஞ்சுகள். தாய்ப் பறவைகள் ஊட்டும் மீனில் பாதி கீழே விழும். மொந்தன் மரத்தடியில் உட்கார்ந்து தின்பான். தின்றுகொண்டே அண்ணாந்து தலைகளை எண்ணுவான்.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் இருந்த எலிகள், அணில்கள், நண்டுகள் எல்லோரையும் கூப்பிட்டான்.

"மேல பாருங்க. வந்தப்ப இருந்ததவிட இப்ப ரெண்டு பங்கு. இந்தக் குஞ்சுங்க வளந்து அதுங்களும் குஞ்சு பொரிச்சா என்ன ஆவும்? மீன் மழையா கொட்டும். இந்த மேட்டுல யாருக்கு வளை இருக்கோ அவங்க குடும்பம் காலத்துக்கும் ஒக்காந்து சாப்பிடலாம். நெல்லக் கொண்டாங்க. எங்க ஆளுங்க வளை தோண்டித் தருவாங்க."

ஒரு கிழட்டு நண்டு மட்டும் கண்ணை நீட்டிக் கேட்டது. "அதுங்க இங்கயே இருக்குமாய்யா?"

"குட்டி போட்ட எடத்த விட்டு யாராவது போவாங்களா?" என்றான் மொந்தன்.

பெருச்சாளிகள் பிறந்த வளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வளை தோண்டிக்கொண்டு குடியிருப்பவர்கள். அவன் குலத்தில் ஊரைவிட்டுப் போனவர் கிடையாது. உலகமே அப்படித்தான் என்று அவன் நினைத்துவிட்டான். அந்தப் பறவைகளுக்கு அவ்வளவு பெரிய இறக்கை எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கேட்டவர்களும் பிறந்த இடத்தை விட்டுப் போகாதவர்கள்தானே, தலையாட்டினார்கள்.

அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய கதிரைப் பொறுக்கிக் கோடைக்குச் சேர்த்திருந்த நெல் எல்லாம் மேட்டுக்கு வந்தது. மொந்தன் தன்னுடையதையும் போட்டான். அவன் சொந்தக்காரப் பெருச்சாளிகள் வளை தோண்டினார்கள், கூலி நெல்லை அன்றன்றைக்கே தின்று தீர்த்தார்கள். மொந்தன் நடந்தால் எல்லோரும் வழிவிட்டார்கள். அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மாசி கடைசியில் ஒரு நாள் தாய்க் கூழைக்கடா ஒன்று தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. மொந்தன் பெருமையாக விசாரித்தான். "அம்மா, ஒங்க புள்ளைங்க கூடு கட்டணும்னா இந்த மரம் பத்தாதே. என்ன செய்யப்போறீங்க?"

"இங்க ஏன் கட்டுறோம்?" என்றது கூழைக்கடா. "இதுங்களுக்குச் சிறகு தேறுனதும் கெளம்பிடுவோம். வெயில் ஏறுனா ஏரி வத்திடும்ல?"

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். மழை பெஞ்சா திரும்ப வருவோம். இல்லன்னா வேற ஏரி."

மொந்தன் வாயில் இருந்த மீனைக் கீழே போட்டான். இத்தனை நாள் தலைக்கு மேலேயே இருந்தவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அஞ்சலை வந்தாள். அவள் ஒரு வயல் எலி. குட்டிகளை ஒண்டியாக வளர்ப்பவள். மற்றவர்கள் எல்லாம் வளை வாங்கியபோதும் தயங்கித் தயங்கி நின்றவள். இப்போது நெற்கதிர்களை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டாள்.

"இவ்வளவுதாண்ணே இருக்கு. கோடைக்கு வெச்சிருந்தது. குட்டிங்க எத்தன நாளைக்கு இதயே தின்னும்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மொந்தன் வாயைத் திறந்தான். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும். சில பறவைகளாவது தங்கிவிடாதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அப்படித் தங்காது என்றும் அவனுக்குத் தெரியும்.

"வை," என்றான்.

பங்குனியில் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. மரங்களில் வெறும் கூடுகள். மேட்டில் புதுப் புது வளைகள், தின்ன ஒரு செதில்கூட இல்லை. வயலிலும் ஒரு மணி நெல் கிடையாது.

எல்லோரும் மொந்தன் வளைக்கு ஓடி வந்தார்கள். அவன் உள்ளேயிருந்து மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொண்டான். அணில்கள் கத்தின. எலிகள் திட்டின. இருட்டில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் எல்லோரும் போய்விட்டார்கள்.

அஞ்சலை மட்டும் நின்றாள். அவள் திட்டவில்லை. "அண்ணே, நான் கதிரக் கொண்டாந்த அன்னிக்கி ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லிவிடலாம். முகத்தைக்கூடக் காட்ட வேண்டாம். ஆனாலும் அவனால் முடியவில்லை.

"தெரியும்."

வாசலில் அவள் குட்டிகளை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னாள். "எண்ணுனது தப்பாப் போச்சுன்னா பரவால்ல. யாருக்கும் தப்பும். அன்னிக்கி எடுத்துட்டுப் போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் புள்ளைங்க இன்னிக்கிச் சாப்ட்டிருக்கும்."

அவள் குட்டிகளை அழைத்துக்கொண்டு, வற்றிய ஏரிக்குள் இறங்கி நடந்தாள். அக்கரையில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் உண்டு. ஆனால் நடுவில் ஒதுங்க ஒரு புல்லும் இல்லை. பசியில் குட்டிகள் துவண்டிருந்தன, பொழுது சாயும்வரை காத்திருந்தால் தாங்காது. வானத்தில் பருந்து வட்டமிட்டது.

குட்டிகள் கீச்சிடும் சத்தம் ஏரிப் பக்கம் போவதைக் கேட்டு மொந்தன் மண்ணை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். பட்டப்பகல். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க ஏரிக்குள் ஓடி, குட்டிகளின் பக்கத்தில் போய் நடந்தான். பருந்து பாய்ந்தபோது குட்டிகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு கவிழ்ந்து படுத்தான். அவன் பருமனைத் தூக்க முடியாமல் பருந்து முதுகைக் கிழித்துவிட்டுப் போயிற்று.

தோட்டத்து வரப்பில் குட்டிகள் ஏறின. மொந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அஞ்சலை அவன் முதுகைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"போங்க. இதுக்கு மேல நான் பாத்துக்குறேன்," என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

கூட்டம் பெருகுவதைக் காட்டிப் பிறர் கையிருப்பைக் கேட்கிறவன், அந்தக் கூட்டம் தங்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். தங்காது என்று தெரிந்த பிறகும் கை நீட்டினால் அதற்குப் பெயர் கணக்குப் பிழை அல்ல, திருட்டு.