அரிசி தூரத்தில் ஒரு கல்யாணம்

மதிநல்லூருக்கு அந்தப் பெயரை வைத்தவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஊரைப் பார்க்காமலே வைத்திருப்பான். அந்த ஊர்ச் சடாட்சரத்துக்குக் கொக்கரைப்பட்டியில் பெண் நிச்சயமாயிற்று. தேர்த்திருவிழாவில் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்ணின் அப்பா சர்வேயர். மாப்பிள்ளை வீட்டாரின் அறிவைப் பற்றி அரசல்புரசலாகக் கேள்விப்பட்டவர், ஏதாவது ஒன்றாவது புரியட்டும் என்று மூன்று வரைபடங்கள் அனுப்பினார். ஒன்று நாட்டுப் படம். இன்னொன்று சாலைப் படம். மூன்றாவது, கொக்கரைப்பட்டியை மட்டும் வீடு வீடாகப் போட்ட படம்.

"படத்தைப் பார்த்தே வாருங்கள். சூரியன் உதிக்கிறபோது முகூர்த்தம். தவறினால் பெண்ணின் அத்தை மகன் தாலி கட்டுவான்" என்று சொல்லியும் அனுப்பினார். அத்தை மகன் பட்டுவேட்டியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறானாம்.

தாய்மாமன் திருவாழி படங்களை விரித்து ஆராய்ந்தார். அவர் ஆராய ஆரம்பித்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். அப்படி ஒரு மூளை.

"சாலைப் படத்துல கொக்கரைப்பட்டி ஒரு முழம் தள்ளிக் கிடக்கு. நாட்டுப் படத்துல ஒரு அரிசி தூரந்தான். எதுல போறது?"

"அரிசியிலேயே போயிடலாம் மாமா. மாடு இளைச்சுக் கிடக்கு" என்றான் வண்டிக்காரப் பூவலிங்கம்.

"ஓரத்துல ஒரு அங்குலம் ஐம்பது மைல்னு போட்டிருக்கே" என்று சடாட்சரம் இழுத்தான்.

"நாம அங்குலம் வரைக்குமா போறோம்? அரிசியோட நிறுத்திக்கப் போறோம்" என்றார் மாமா.

அரிசி தூரத்துக்கு எவனாவது முன்கூட்டியே கிளம்புவானா? நிம்மதியாகத் தூங்கி எழுந்து, கொக்கரைப்பட்டிப் படத்தின்மேல் இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, விடியச் சற்று முன்னால் வண்டி கட்டினார்கள்.

ஊர் எல்லையில் ஆறு குறுக்கிட்டது. நாட்டுப் படத்தில் அது மயிரிழை.

"இதைத் தாண்ட வண்டி எதுக்கு? காலை எட்டி வை" என்றார் மாமா. எட்டி வைத்த சடாட்சரம் கழுத்துவரை போய்விட்டு, இருமிக்கொண்டே கரையேறினான்.

"தப்பு நம்மேல. ஆறு கிடக்கிறது இந்தப் படத்துல. சாலைப் படத்தை எடு." அதில் சாலையைத் தவிர ஒன்றுமில்லை. "பாத்தியா, ஆறே இல்லை. இதைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை இறக்கு."

மாடு இறங்க மறுத்தது.

"அது படத்தைப் பாக்கலையே மாமா" என்றான் பூவலிங்கம். நியாயந்தானே என்று மாட்டுக்கும் படத்தைக் காட்டினார்கள். மாடு முகர்ந்து பார்த்து, முழுசாகத் தின்றுவிட்டது.

"போற சாலை பூரா மாட்டு வயித்துக்குள்ள போயிருச்சே" என்று மாமா தலையில் கைவைத்தார்.

கிழக்கு வெளுத்தது. சடாட்சரம் மணலில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான். "அந்தப் பய கட்டிடுவான் மாமா."

மாமா கொக்கரைப்பட்டிப் படத்தை விரித்தார். "ஏண்டா அழறே? இதுல மதிநல்லூர் இருக்கா?"

"இல்லை."

"அப்ப ஊரைவிட்டு வந்தாச்சு. கொக்கரைப்பட்டி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வந்து சேர்ந்தாச்சு. இதோ உன் மாமனார் வீடு. நல்ல நேரம் போகுது, கட்டு தாலியை."

வேலமுள்ளால் மாமனார் வீட்டில் ஓட்டை போட்டு, மஞ்சள் கயிற்றைக் கோத்து, சடாட்சரம் மூன்று முடிச்சும் போட்டான். பூவலிங்கம் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினான். படத்தைப் பதமாகச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

வாசலில் அம்மா ஆரத்தியோடு நின்றாள். "பொண்ணு எங்கடா?"

"வீட்டுக்குள்ள இருக்கா. மெல்லப் பிரி, விழுந்துடப் போறா" என்று சடாட்சரம் படத்தை நீட்டினான்.

"கண்ணுல படலையே."

மாமா படத்தின் ஓரத்தை வாசித்தார். "அங்குலத்துக்கு நூறடி. பொண்ணு அஞ்சடி. கடுகளவுதான் இருப்பா அக்கா, உத்துப் பாரு."

அம்மா உற்றுப் பார்த்தாள். பொங்கல் பிசுக்கு ஒட்டியிருந்த மாமனார் வீட்டு ஓட்டையிலிருந்து ஒரு சிற்றெறும்பு வெளியே வந்தது.

"நடை அடக்கமாத்தான் இருக்கு" என்று அம்மா திருப்தியாக ஆரத்தி சுற்றினாள். சடாட்சரத்துக்கு வெட்கம் தாங்கவில்லை.

பின்னாலேயே இன்னொரு எறும்பு வந்தது. சடாட்சரத்தின் முகம் மாறிவிட்டது.

"படத்தைச் சுருட்டும்மா. அத்தை மகனும் கூடவே வந்துட்டான்."